பச்சை நாள்

அக்டோபர் நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு வாசலில் கூடியிருந்தவர்கள்: மாமியார் கமலா, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில். மாமனார் கண்ணாயிரம், டிராக்டர் டிப்பரின் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு, பாதி உடம்பைத் தெருப்பக்கம் திருப்பி, எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்கிற தோதில். நாத்தனார் ராதிகா, ஸ்கூட்டி சீட்டில் பக்கவாட்டாக. கணவன் இளஞ்செழியன், கேட்டுத் தூணின்மேல் செங்கல்லில் சாய்த்து நிறுத்தியிருந்த செல்போனுக்குள். ஓசூரில் அவன் தங்கியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து வீடியோவில் பேசினான். கடைசியாக அபிநயா. கூட்டமே அவளைப் பற்றியது என்பதால் எல்லாருக்கும் பத்தடி தள்ளி, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சின்ன அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்குத் தூரம். அன்றைக்கு இரண்டாம் நாள்.

இந்த மாதிரி சமாச்சாரத்தை வாசலில் வைத்தா பேசுவார்கள் என்று கேட்டால், வேறு இடம் இல்லை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை வந்து வயலை முட்டுகிற இடத்தில் அந்த ஊர். அந்த வீட்டில் டவர் கிடைப்பது கேட்டுத் தூண் அருகில் மட்டும்தான், அதுவும் இரண்டு கோடு. வீட்டுக்குள் கொண்டுபோனால் போன் வெறும் கடிகாரம். ஆகவே அங்கே போனில் பேசுவது என்றால் தெருவுக்கும் சேர்த்துப் பேசுவது என்று அர்த்தம்.

ராதிகா நர்சிங் மூன்றாம் வருஷம். போன வருஷம் அவள்தான் அம்மாவின் போனில் அந்தச் செயலியை ஏற்றினாள். அபிநயாவின் டச் போன் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியில் விழுந்து செத்துப்போய், அவள் கையில் பட்டன் போன்தான் இருந்தது. "அத்தை, நான் தூரம்" என்று அபிநயா சொன்னதும் கமலா கேட்டுத் தூணுக்குப் போய் அந்தத் தேதியில் சிவப்பை அழுத்துவாள். கொஞ்ச நாள் கழித்துச் செயலி தானாகவே நாலைந்து நாளுக்குப் பச்சை காட்டும். அது கரு தங்க உகந்த நாள். அதே பச்சை ஓசூரில் இளஞ்செழியன் போனிலும் தெரியும். அவன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சேலத்தில் பஸ் மாறி வந்து சேருவான். ஒரு வருஷத்தில் எட்டு முறை வந்தான். எட்டு முறையும் பச்சை. ஒரு முறையும் தங்கவில்லை.

இப்போது செயலியே கையை விரித்துவிட்டது. 'ஒழுங்கற்ற சுழற்சி. மருத்துவரை அணுகவும்' என்று இரண்டு நாளாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் கூட்டம்.

"இருவது நாளு, முப்பத்தஞ்சு நாளு, பதினேழு நாளு, நாப்பத்தோரு நாளு," என்று ராதிகா படித்தாள். "இப்டி யாருக்காவது வருமாம்மா?"

"நான் இன்னாத்த கண்டேன். எனுக்கெல்லாம் அம்மாசை கணக்கா வரும்."

"உன் பெருமைய யாரு கேட்டாங்க இப்போ?"

கண்ணாயிரம் தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "பதினேழு நாளுன்னியே, அது எப்போ?"

"மார்ச் ஒம்போது, அப்பறம் மார்ச் இருவத்தாறு."

"ஒம்போதாந்தேதி கரும்பு வெட்டு ஆரம்பிச்சோம். இருவத்தாறு மேலக்கொல்லை வெட்டு. ஆளுங்களுக்கு வூட்டுல சோறு." அவர் தலையைத் திருப்பினார். "அப்பறம்?"

"மே ஆறு."

"மக்காச்சோளம் அடிக்க மிஷினு வந்த அன்னிக்கு."

"நாளைலேர்ந்து மரவள்ளி புடுங்கறோம். இப்பவும் பாருங்களேன், நேத்தே ஆயிடுச்சு," என்றாள் கமலா. "எப்பவும் வேல நேரமா பாத்து வருது அதுக்கு. பாவம், அது ராசி அப்டி."

வாசற்படியில் அபிநயா கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ராசி இல்லம்மா, ஸ்ட்ரெஸ்ஸு," என்றாள் ராதிகா. "வேல ஜாஸ்தியானா ஸ்ட்ரெஸ் ஆவும். ஸ்ட்ரெஸ் ஆனா ஹார்மோன் கெட்டுப்பூடும். ஆப்லயே தெளிவா போட்டிருக்கான்."

கண்ணாயிரம் மருமகளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டிப்பரிலிருந்து இறங்கித் துண்டை உதறினார். "எனுக்கு இன்னா தெரியும். படிச்சவங்க பாத்து செய்யுங்க," என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

"இப்ப நான் வரணுமா வேணாமா, அத சொல்லுங்க," என்றான் போனுக்குள்ளிருந்து இளஞ்செழியன். "பதினாலுலேர்ந்து பதினெட்டு பச்சைன்னு காட்டுது. லீவுக்கு எழுதிக் குடுக்கணும்." அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "டேய் வெற்றிவேலு, கம்முனு இர்ரா. வூட்டுல பேசிக்கினு இருக்கறேன்ல?"

"வா, வா. பச்சைய வுட்டுடாத," என்றாள் கமலா. "அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிடறோம்."

ராதிகா நாளைக்கே போக வேண்டும் என்றாள். மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தால்தான் டாக்டர்களுக்குத் தோது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்களாம். கூட்டம் கலைந்தது. அபிநயாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று அவளும் உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்தாள்.

நடந்தது இதுதான். கல்யாணமாகி ஆறாம் மாதம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி அறுபது பேருக்குக் கறிச்சோறு என்று ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தின வாரம் முழுக்க நெல் அறுப்பு. அன்றைக்கு விடிகாலையில் வெங்காயக் கூடையின் முன்னால் உட்கார்ந்தபோது அபிநயாவால் கத்தியைத் தூக்க முடியவில்லை. "அத்தை, நான் தூரம்" என்று அவள் வாய்தான் சொன்னது, அவள் சொல்லவில்லை. கமலா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பழம்பாய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அபிநயா இரண்டு நாள் தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. கதவைக்கூடத் தட்டவில்லை, ஏனென்றால் தட்டினால் தீட்டு.

அதன்பிறகு அந்த அறை அவளுக்குப் பழகிவிட்டது. ஜன்னல் வழியே சோளக்கொல்லை, அதற்குப் பின்னால் மலை. படுத்தால் ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்க ஆள் கிடையாது. பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்தாள். திருநாவலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பள்ளித் தோழி சந்தியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட முறைப்படி, இடம், நாள், விளிப்பு எல்லாம் போட்டுக் கடிதம் எழுதினாள். சந்தியாவும் பதில் எழுதினாள்.

ராதிகாவுக்கு இது பொறுக்காது. "இந்தக் காலத்துலயும் அண்ணிய மாட்டுக்கொட்டாயில உக்கார வெக்கறியேம்மா, எங்க காலேஜ்ல சொன்னா காரித் துப்புவாங்க" என்று அம்மாவோடு சண்டைக்கு நிற்பாள். அப்போதெல்லாம் அபிநயாதான் உள்ளேயிருந்து சமாதானம் சொல்வாள். "பரவால்ல ராதிகா. பெரியவங்க வெச்ச வழக்கம். நாம மீறலாமா?" கமலாவுக்குப் பெருமை தாங்காது. பன்னிரண்டு வரை படித்த மருமகள், ஆனாலும் ஆச்சாரம் விடாதவள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பொய்த் தூரம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் நிஜம் வந்து நிற்கும். மறுபடியும் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டாள். நாப்கினைப் புடவை அடுக்குக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு சமைத்தாள், விளக்கேற்றினாள். ஆடி முதல் செவ்வாய் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் கிண்டியதும் அப்படித்தான். நிஜமான இரண்டாம் நாள். அண்டாவில் துடுப்புப் போட்டவள் அபிநயா. கமலாவே பக்கத்தில் நின்று, "என் மருமவ கை பட்டா கூழு கட்டி தட்டாது" என்று ஊற்றிக் கொடுத்தாள். தெருவே வாங்கிக் குடித்தது, சிலர் மூன்று சொம்பு. அந்த ஆடியில் மழையும் நன்றாகவே பெய்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. கமலா சொல்லுவாள்.

அதனால்தான் உண்மையை உடைக்க முடியாது. ஒரு தேதியைச் சொன்னால் போதும், ராதிகா பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய் ஆடிச் செவ்வாயில் நிற்பாள்.

ஆனால் அபிநயாவுக்குக் குழந்தை வேண்டும். அதில் பொய் இல்லை. எட்டு முறையும் இளஞ்செழியன் பஸ் ஏறிப் போன பிறகு அவளும் நாள் எண்ணினாள், ஏமாந்தாள், புடவை அடுக்கைப் பார்த்து அழுதாள். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். பச்சை நாளில் கூடியும் ஏன் தங்கவில்லை? பச்சையைச் செயலி கொடுக்கிறது, முகூர்த்த நாளைப் பஞ்சாங்கம் கொடுப்பதுபோல, என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாமியாரும் அப்படியே. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது அறிவியல் டீச்சர், "இது ஈசிதான், வீட்ல படிச்சுக்குங்க" என்று சொல்லி நாலு பக்கம் தள்ளி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மரவள்ளி பிடுங்க ஆள் வந்தார்கள். கமலாவுக்கு அதைவிடப் பெரிய யோசனை, தூரமானவள் ஸ்கூட்டியில் எப்படி உட்காருவது என்பது. வண்டிக்கு ஆயுத பூசை போடுகிற மாதம் வேறு. கடைசியில் உரச்சாக்கு ஒன்றை மடித்து சீட்டில் போட்டாள். "வந்ததும் சாக்க குப்பையில போட்டுடு. வண்டியில மஞ்சத் தண்ணி தெளிச்சுடலாம்."

"அறிவியலுக்குப் போறோம்மா, கோயிலுக்கில்ல," என்றாள் ராதிகா.

"எங்க போனாலும் வண்டி நம்ம வண்டிதானேடி."

கள்ளக்குறிச்சியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. உட்கார இடமில்லாத கூட்டம். முறை வந்ததும் ராதிகா உள்ளே நுழைந்தபடியே போனை நீட்டினாள். "மேடம், டே த்ரீ. ஒரு வருஷ டேட்டா இருக்கு. சுத்தமா இர்ரெகுலர்."

டாக்டரம்மா போனை வாங்கவில்லை. அபிநயாவைப் படுக்கச் சொல்லி ஸ்கேன் வைத்துப் பார்த்தார். முதலில் வேகமாகப் பார்த்தார், பிறகு நிதானமாக. பிறகு ராதிகா பக்கம் திரும்பி, "நீ போயி கவுன்ட்டர்ல ஒரு ஃபைலு போட்டு வாங்கிக்கினு வாம்மா," என்றார். கவுன்ட்டரில் வரிசை நீளம் என்பது அவருக்குத் தெரியும்.

கதவு மூடியதும் கேட்டார். "மூணாவது நாளுன்றா உன் நாத்தனா. உள்ள பாத்தா முட்டை வெடிச்சு நாலஞ்சு நாளாச்சு. இது இருவதாவது நாளு. பொய் சொல்றது யாரு, மிஷினா, நீயா?"

அபிநயா கூரையைப் பார்த்தாள். "மிஷினு இல்லீங்க."

"நெஜத் தேதி ஞாபகம் இருக்குதா?"

"செப்டம்பர் பதினாறுங்க. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் பதினெட்டு. அதுக்கு முன்னாடி ஜூலை இருவது. அதுக்கு முன்னாடி..."

"போதும், போதும்." டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார். "இருவத்தொம்போது, இருவத்தொம்போது. அடிப்பாவி, கடியாரம் மாரி இருக்கற. ஒன்ன இர்ரெகுலர்னு கூட்டிக்கினு வந்திருக்காங்க. நான் மட்டும் அந்த ஆப்ப நம்பி மாத்திரை எழுதியிருந்தா, நல்லா ஓடற கடியாரத்த நானே கெடுத்திருப்பேன். ஏன் இப்டி?"

அபிநயா சொன்னாள். கிடா விருந்து, கரும்பு வெட்டு, கயிற்றுக் கட்டில். கூழை மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"அந்தப் பச்சை எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சிக்கினு இருக்கற?"

"அதுவா போடுதுங்க."

"அதுவா எங்க போடுது? நீ செவப்ப எங்க வெக்கறியோ அங்கேர்ந்து எண்ணித்தான் பச்சைய வெக்கும். நீ கரும்பு வெட்டுக்கு செவப்பு வெச்சா, அது கரும்புக்குத்தான் பச்சை காட்டும்."

அபிநயா எண்ணிப் பார்த்தாள். எட்டு முறை. எட்டு முறையும் சேலத்தில் பஸ் மாறி.

டாக்டரம்மா மேஜை நாட்காட்டியைத் திருப்பினார். "அடுத்தது பதினஞ்சாந்தேதி வரும். வூட்டுக்காரரு எப்ப வரேன்னாரு?"

"பதினாலுங்க."

"நல்லா வருவாரு! வந்து உனுக்கு சுடுதண்ணி வெச்சுக் குடுக்கட்டும். இருவத்தஞ்சுலேர்ந்து முப்பது வரைக்கும் அவரு வூட்டுல இருக்கணும். அதான் உன் பச்சை. இந்த மாசம் அத வுட்டுடாத. மத்தபடி உனுக்கு ஒரு கொறையும் இல்ல."

ராதிகா ஃபைலோடு வந்தபோது டாக்டரம்மா அதில் ஒரே ஒரு சத்து மாத்திரை எழுதினார். எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ஆப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். ராதிகாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "பழைய காலத்து டாக்டரு அண்ணி. டேட்டாவ ஒரு தபா திருப்பிக்கூட பாக்கல. உலகம் பூரா கோடிப் பேரு வெச்சிருக்காங்க, அது தப்பா சொல்லுமா?"

"சொல்லாது," என்றாள் அபிநயா. முழு மனசோடுதான் சொன்னாள்.

வீட்டில் மஞ்சள் தண்ணீர் தயாராக இருந்தது. வண்டி நனைந்தது. தலைக்கு ஊற்றிக்கொள்வது நாளைக்குத்தான் என்பதால் அபிநயா அறைக்குத் திரும்பினாள். கமலா மரவள்ளிக் கொல்லைக்குச் சோறு கொண்டுபோனாள். ராதிகா கேட்டுத் தூணருகே நின்று அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனிடம் எப்படிச் சொல்வது? போனில் பேசினால் கேட்டுத் தூண். அவள் பட்டன் போனில் எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால் அதில் தமிழ் எழுத்து கிடையாது. அத்தை போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி அழித்துவிடலாம் என்றால், இளஞ்செழியன் போனமுறை வந்தபோது ராதிகாவின் ப்ராஜெக்டுக்கு ஏதோ பிரின்ட் எடுக்க அவள் லேப்டாப்பில் தன் வாட்ஸ்அப்பைத் திறந்தான். அது இன்னும் திறந்தே கிடந்தது. ஓசூரில் அவனுக்கு ஒரு 'குட் மார்னிங்' போனால் இங்கே கேட்டுத் தூணருகே ராதிகா மடியில் மணி அடிக்கும். பதினாலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் அவன் அந்த லீவைச் செலவு செய்துவிட்டால் இருபத்தைந்துக்கு லீவு கிடையாது.

அபிநயா பாயின் அடியிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தாள். சந்தியாவுக்கு வைத்திருந்த ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்று இருந்தது. எழுதினாள்.

"கொட்டகை அறை,
05.10, திங்கள், பிற்பகல் மூன்று மணி.

அன்புள்ள உங்களுக்கு, அபிநயா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். இதைத் தனியாக நின்று படிக்கவும். வெற்றிவேல் அண்ணன் பக்கத்தில் இருந்தால் இப்போதே மடித்துவிடவும்.

1. பதினாலாம் தேதி வர வேண்டாம். போனில் பச்சை என்று காட்டும். அது பச்சை இல்லை.

2. இருபத்தைந்து ஞாயிறு முதல் முப்பது வெள்ளி வரை வீட்டில் இருக்க வேண்டும். இது டாக்டரம்மா நாட்காட்டி பார்த்துச் சொன்னது.

3. வீட்டில் சொல்ல வேண்டிய காரணம்: ஆயுத பூசைக்கு மெஷின் எல்லாம் கழற்றித் துடைக்கிறார்கள், இப்போது லீவு தர மாட்டோம், பூசை முடிந்துதான் தருவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்."

நாலு என்று எண் போட்டுவிட்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மாடு வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரி எழுதி அடித்தாள். இன்னொன்று எழுதி அதையும் அடித்தாள். கடிதத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவள் படித்த முறை. இருந்தும் புதுத் தாள் எடுக்கவில்லை.

"4. இந்த ஒரு வருஷமும் நான் சொன்ன தேதிகளில் பாதிக்கு மேல் பொய். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். களைப்பாக இருக்கிறது, மூன்று நாள் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நம் வீட்டில் வழி இல்லை. தூரம் என்று சொன்னால் வழி இருக்கிறது. அதனால் போனில் பச்சை தப்பாக வரும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாக. தெரிந்திருந்தால் உங்களை எட்டு முறை பஸ்ஸில் நிற்க வைத்திருக்க மாட்டேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டவும். இருபத்தைந்துக்கு வந்து திட்டவும்.

5. அத்தைக்கும் ராதிகாவுக்கும் தெரியக் கூடாது. உங்களுக்கு வாயில் எதுவும் நிற்காது என்பதால் ஒன்று எழுதுகிறேன். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை நீங்கள் பிரியாணி சாப்பிடுகிற போட்டோவை வெற்றிவேல் அண்ணன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அத்தை போனில் நான்தான் முதலில் பார்த்தேன். அத்தை பார்க்கும் முன் தள்ளிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

6. கரு தங்கினால் பத்து மாதம் தூரம் கிடையாது. அப்போது நான் எங்கே போய்ப் படுப்பது? இதற்கு எனக்கு வழி தெரியவில்லை. வரும்போது நீங்களும் யோசித்துக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
அபிநயா."

இருமுறை படித்தாள். ஆறாவதை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை. மூன்றாக மடித்துக் கவரில் போட்டாள். பசை இல்லை. மத்தியானச் சோற்றில் தட்டோரம் ஒட்டியிருந்த நாலு பருக்கையை நசுக்கித் தடவி மூடி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணி சுமாருக்கு வேலிப் பக்கம் மொபெட் சத்தம் கேட்டது. கிளைத் தபால் ஆபீஸ் அம்சவள்ளி. பக்கத்து வீட்டுக்கு ஏதோ பேங்க் தபால் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அபிநயா ஜன்னல் வழியே கை காட்டிவிட்டு வேலிக்கு வந்தாள்.

"இன்னா அபிநயா, சந்தியாவுக்கா?"

"இல்லக்கா. அவருக்கு."

அம்சவள்ளி முகவரியைப் படிக்க எட்டிப் பார்த்தாள். "உன் வூட்டுக்காரருக்கா? ஏன், போனு ரிப்பேரா?"

"போனு நல்லாத்தான் இருக்குதுக்கா. அதுல எல்லாரும் இருக்காங்க."

அம்சவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். அபிநயா வழக்கப்படி கவரை வேலிக் கல்லின்மேல் வைக்கப் போனாள்.

"கையிலயே குடு. தபாலுக்குத் தீட்டு கெடையாது."

"ஒட்டுனது இன்னும் காயலக்கா. ஓரத்துல புடிங்க."

"சோறா?" அம்சவள்ளி கவரை வாங்கி, மொபெட்டின் சீட்டில் வைத்துக் கட்டை விரலால் ஒருமுறை நீளவாக்கில் தேய்த்தாள். "போயி சேர மூணு நாளு ஆவும். வியாழன், மிஞ்சிப்போனா வெள்ளி. போதுமா?"

"போதும்க்கா."

கொல்லையிலிருந்து காலிப் பாத்திரத்தோடு வந்த கமலா கேட்டருகே நின்று குரல் கொடுத்தாள். "யார்ரா அது வேலியாண்ட?"

"தபால் அக்கா, அத்தை. சந்தியாவுக்கு ஒரு லெட்டரு."

அம்சவள்ளி கவரில் முகவரி இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கவரைப் பையில் மற்ற தபால்களுக்கு நடுவே செருகி, பையின் வாரை இழுத்து மாட்டினாள். இரண்டாம் உதையில் வண்டி கிளம்பியது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஏறியதும் மரவள்ளி லாரி ஒன்றுக்கு ஒதுங்கி வழி விட்டு, அதன் பின்னாலேயே போனது.